பதினேழாம் நம்பர் பாட்டில்

ஆம்பூர்,
ஞாயித்துக்கிழமை

அன்பு மக பிரிசில்லாவுக்கு அப்பா டேனியல் எழுதிக்கறது. கர்த்தர் கிருபையில நீ அங்க சுகமா இருப்பேன்னு நம்பறேன். இங்க நானும் அம்மாவும் உடம்புக்கு நல்லா தான் இருக்கோம், மனசு தான் நல்லா இல்ல. போன்ல சொல்லலாம்னா உங்கம்மா ஸ்பீக்கர்ல போட்டு தெருவுக்கே கேக்க வெப்பா, அதான் எழுத்துக் கூட்டி எழுதி போட்டோ புடிச்சி அனுப்பறேன். போன வாரம் நீ கேட்டியே, அப்பா, பதினாறாம் நம்பரும் பதினேழாம் நம்பரும் ஒரே மாதிரி இருக்கே, பாட்டில் ஏதாச்சும் மாறிச்சான்னு. மாறவே இல்லன்னு அடிச்சி சொன்னேன். அது பொய்யி. பதினாறு என்னுது. பதினேழும் என்னுது தான்.

நீ லீவுல வந்து, தோலுக்கு சாயம் போடற ட்ரம்முல நிக்கறவங்க நாப்பது பேர் கிட்ட மூத்திரம் வாங்கி வேலூர் லேபுல குடுக்கணும்னப்ப வீடு வீடா போனது நான் தானே. உங்க அரக்கோணத்து அத்தை அப்பவே சிரிச்சா, இதை புடிக்கறதுக்கா பொண்ண டாக்டருக்கு படிக்க வெச்ச, அமெரிக்கா போயும் பாட்டில் கழுவறாளேன்னு. ஆபரேஷன் வேலை அவளுக்கு கை வந்துடுச்சி, மூத்திரப்பையில புத்துநோய் ஏன் வருதுன்னு தேடற வேலைய இப்ப ரெண்டு வருஷம் கத்துக்கறா, உனக்குப் புரியாது, நீ கொழம்பக் கிளறுன்னேன். அது கெடக்கட்டும், எங்க உட்டேன்? ஆங், ஆபித் சாச்சா. இருவது வருஷமா என் கூட ஒரே ட்ரம்முல நிக்கற மனுஷன். அன்னிக்கு அவருக்குன்னு பதினேழாம் நம்பர் பாட்டிலக் குடுத்தா, நோன்புய்யா டேனி, தண்ணியே குடிக்கல, எங்கருந்து வரும்னாரு. நாப்பதுல ஒண்ணு கொறஞ்சா உங்க சார் உன்னத் திட்டுவாரோன்னு பயந்து ரெண்டு பாட்டிலையும் நானே ரொப்பிட்டேன். யாருதா இருந்தா இன்னான்னு நெனச்ச முட்டாளு நான்.

செவப்புத் தோல் ஓடற வாரத்துல எவனுக்காவது மூத்திரம் செவப்பா போனா, சாயம் எறங்குது, வெல்லம் தின்னா சரியாயிடும்னு நாங்க சொல்லிக்குவோம். செவ்வாக்கிழமை கக்கூஸ்ல சாச்சாவுக்குப் பின்னாடி போனேன். செவப்பா கெடந்துது. ஆனா பாப்பா, பத்து நாளா எங்க ட்ரம்முல ஓடறது கருப்பு தான். அப்ப அது சாயமில்ல, ரத்தம். புடிச்சிக் கேட்டா, ரம்ஜானுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிதாம். நோன்புன்னது சாக்கு. நீ பாத்துட்டா ஆஸ்பத்திரில படுக்க வெச்சிடுவ, பொண்ணு ஆஃப்ரீன் நிக்காஹ் நின்னுடும்னு பயம். லேபுலருந்து கோளாறு இல்லன்னு வந்த பேப்பர பீரோவுல வெச்சிக்கினு, சம்சாரம் ஜஹீருன்னிசா ஆஸ்பத்திரின்னு வாயத் தொறந்தாலே அதக் காட்டி அடக்கறாராம். என் மூத்திரத்துக்கு வந்த பேப்பரு! யார்கிட்டயும் சொல்லாத, தோஸ்த்னா அதான்னு சத்தியம் வாங்கினாரு. குடுத்தேன். மூணு நாள் சோறு எறங்கல. நேத்து அவரு மசூதிக்குப் போன நேரம் ஜஹீருன்னிசா கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அழுவும்னு பாத்தேன், அழல. அண்ணா, இத நம்பி நாலு மாசமா நானும் வாய மூடிக்கினு இருந்தேனேன்னுட்டு, பேப்பர எடுத்து என் சட்டைப் பாக்கெட்டுல சொருகிச்சி. நாளைக்கு காலைல மூணு பேரும் காட்பாடி எறங்கி வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போறோம். சாச்சா இன்னும் வர்றேன்னு சொல்லல. என் மூஞ்சியப் பாக்கவே இல்ல. செருப்பால அடிச்சிருந்தா கூட தாங்கியிருப்பேன்.

புதன்கிழமை பெரிய டாக்டருங்க முன்னாடி இந்தக் கணக்கப் படிக்கப் போறேன்னியே, நாப்பதுன்னு படிக்காத. முப்பத்தொம்போதுன்னு சொல்லு. அதுலயும் வேற எவன் மாத்தினானோ, ஒவ்வொருத்தனா கேட்டு சொல்றேன். உங்க சார் கேட்டா எங்கப்பன் பண்ண வேலைன்னு என் பேர சொல்லு. உன்னத் திருப்பி அனுப்பிடுவாங்களோன்னு பயம் தான். ஆனாலும் பதினேழு நல்லா இருக்குன்னு உன் வாயால வரக்கூடாது கண்ணு. உன்ன நம்பி அவங்க எழுதிக்குவாங்க.

வேளைக்கு சாப்பிடு. கர்த்தர் உன் கைய ஆசீர்வதிப்பாரு. நாளைக்கு டாக்டர உன் கிட்ட பேச வெப்பேன், வேலூர் நம்பர்லருந்து போன் வந்தா எந்த வேலைல இருந்தாலும் எடு. எத்தினி நாளா ரத்தம் வருதுன்னு டாக்டர் கேட்டா, சாச்சா நேத்துலருந்து தான்னு சொல்லுவாரு. நம்பாதீங்கன்னு நீ சொல்லு.

இப்படிக்கு
உன் அப்பா
டேனியல்