கேட்காமல் எடுத்த ஊர்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை பொம்மைக் கடை மாடியில் ஒரு பழைய கம்பளியைத் தலைவழியே போர்த்திக்கொண்டு, செத்துப்போன ஒருவன் குரலில் பேசி, நாலு பேரை வயிறு வலிக்கச் சிரிக்கவைத்தேன். இந்த வயதில், இந்தத் தொப்பையோடு. ஆனால் வெட்கம் கம்பளியால் இல்லை. செத்துப்போனவன் உன்னுடையவன். உன் நாட்டிலிருந்து உன்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டேன்.

நம் ஒப்பந்தம் எனக்கு மறந்துவிடவில்லை. நீ எக்ஸ்ரே அறையில் ஊராரின் எலும்பையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை உன் சமையலறை மேசையில் நிழலாற்று நாட்டைச் சொல்கிறாய். நான் வாரமெல்லாம் பல் செட் செய்து உரசிவிட்டு, சனிக்கிழமை வெண்கலத் தீவைச் சொல்கிறேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் பகடையை உருட்டி, நாம் சொல்லும் நாட்டுக்குள் திருடனாகவும் மந்திரவாதியாகவும் திரிகிறார்கள். உன் நாட்டிலிருந்து நானும், என் நாட்டிலிருந்து நீயும் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் கடிதம் எழுதிக் கேட்க வேண்டும். எடுத்ததை அடையாளம் தெரியாமல் மாற்ற வேண்டும். போனில் கேட்டால் செல்லாது. உன் இரட்டை நிலா என்னிடம் வந்து ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளாத சம்பந்திகளாக ஆனதும், வரி வசூலிக்கும் என் வாத்து உன்னிடம் போய் நீதிபதி ஆனதும் அப்படித்தானே.

இந்தத் தடவை நான் எடுத்தது பாதிப்பேச்சூர். செத்தவர்கள் சாயங்காலத்தில் வந்து, சொல்லாமல் விட்ட வாக்கியத்தைச் சொல்லத் தொடங்குகிற ஊர். என் தீவில் அதற்கு அரைவாய்ப் பட்டணம் என்று பெயர். பெயரைத் தவிர வேறு எதையும் மாற்றவில்லை.

இது மேசையோடு போயிருந்தால் கமுக்கமாக இருந்திருப்பேன். பொம்மைக் கடைக்காரர் என் தீவை ஒரு சின்னப் புத்தகமாகப் போடுகிறார். அச்சுக்கு முந்தைய படி கைக்கு வந்துவிட்டது. அதில் நடுநாயகமாக உட்கார்ந்திருப்பது அந்த ஊர்தான். என் வீட்டுக்காரி படித்துப் பார்த்துவிட்டு, "இது உங்க மூளையில உதிச்சது இல்லையே"ன்னு கேட்டாள். எப்படித் தெரியும் என்றேன். "நல்லா இருக்கே"ன்னாள். பிறகு, "இன்னைக்கே அண்ணிக்கு எழுதுங்க. இல்லைன்னா நான் எழுதுறேன். என் கையெழுத்தாவது புரியும்" என்றாள்.

ஏப்ரலில் நம் இரண்டு நாட்டுக்கும் நடுவே பாலம் கட்டி, உன் ஆட்களையும் என் ஆட்களையும் ஒரே மேசையில் உட்கார வைப்பதாக ஏற்பாடு. நான் அதற்கு வரலாமா? ஊரை என்னிடமே விட்டுவிடுகிறாயா? இரண்டாவது கேள்விக்கு இல்லை என்று சொன்னாலும், முதல் கேள்விக்கு மட்டும் ஆமாம் என்று சொல்.

உன் தம்பி,
பல்லு


மார்ச் 9

அன்புள்ள பல்லுவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். முழங்கால் மட்டும் நலம் இல்லை. என் முழங்காலை நானே படம் எடுத்துப் பார்த்தேன். டாக்டர் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தெரியாததா"ன்னு சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஓசி மருத்துவம் இவ்வளவுதான்.

உன் வாத்து போன வாரம் ஒரு அரக்கனுக்கு மூன்று பருவம் சிறை கொடுத்தது. லஞ்சமாக வந்த நத்தைகளைத் தின்றுவிட்டுத்தான் கொடுத்தது. என் மேசையில் அதற்கு நல்ல பெயர்.

உனக்கு வேறு எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள். எதிரொலிக்கு வாடகை கேட்கும் மலை இருக்கிறது. ராணி கழற்றிப்போட்ட நிழலைத் தைத்துப் போட்டுக்கொள்ளும் வேலைக்காரி இருக்கிறாள். இரண்டும் சும்மாதான் கிடக்கின்றன.

ஆனால் ஒன்று. பாதிப்பேச்சூரைப் பற்றி நான் உனக்கு ஒரு வரிகூட எழுதியதில்லையே. என் மேசையில் இருக்கும் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவர்கள் மூன்று பேரும் எனக்குத் தெரியாமல் உன்னிடம் பேசுகிறவர்கள் இல்லை. டிசம்பரில் இங்கே வந்திருந்தபோது ஞாயிற்றுக்கிழமை உனக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு உள் அறையில் தூங்கினதாகச் சொன்னாய்.

கம்பளியைப் போர்த்திக்கொண்டு என்ன பேசினாய்? அப்படியே எழுது. நீ வழக்கமாகச் சேர்க்கும் மசாலா வேண்டாம்.

அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் நிஜம். மாத்திரையும் நிஜம். தூக்கம்தான் பொய்.

தண்ணீர் குடிக்க வந்தேன். சமையலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே நீங்கள் நாலு பேர். போர்வையைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தால் உன் தோழிகள் சிரிப்பார்களே என்று ஃபிரிட்ஜுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். சிரிப்பார்கள் என்று பயந்து நின்றவன் கடைசியில் என்ன காரியம் செய்திருக்கிறேன் பார்.

நீ அந்த ஊரைச் சொன்னாய். உன் தோழி, அந்த மருந்துக்கடைக்காரி, திருடி வேஷத்தில் படகுத்துறைக்கு வந்தாள். அங்கே ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்றாய். அவன் வாயைத் திறந்தான். நீ குரலை மாற்றிக்கூடப் பேசவில்லை. "நான் வர்றதுக்குள்ள நீ மட்டும் அந்த…" என்று சொல்லி நிறுத்தினாய். பிறகு யாரும் எதுவும் பேசவில்லை. யாரோ கப்பை மெதுவாகக் கீழே வைத்தார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. காய்ச்சல்தான் ஏறுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போய்ப் படுத்தேன்.

பொம்மைக் கடை மாடியில் அதே துறை, அதே ஆள், அதே வார்த்தை. நானும் நிறுத்தினேன். என் மேசையிலும் அமைதி. அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை, அக்கா. நான் பேச்சை நிறுத்தினால் ஜனங்கள் என் முகத்தைப் பார்க்கிறார்கள். எனக்குப் பல் செட் வேலை கொடுத்து, என் மேசையிலும் ஆடுகிற பல் டாக்டர் வேறு, "யோவ் பல்லு, என்னய்யா, கண்ணு கலங்குது?" என்று கேட்டுவிட்டார். உடனே சொன்னேன்: "நான் வர்றதுக்குள்ள நீ மட்டும் அந்தக் கடைசி பிஸ்கட்டைத் தின்னுத் தொலைச்சுடாதே!"

மாடியே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. பல் டாக்டர் நாற்காலியிலிருந்து வழுக்கி இறங்கினார். அடுத்த வாரத்திலிருந்து அந்த ஆளைப் பார்ப்பதற்காகவே ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். புத்தகத்தில் அவனுக்கு ஒரு படம்கூடப் போட்டிருக்கிறார்கள். கையில் பிஸ்கட்டோடு.

மசாலா சேர்க்கவில்லை. இதற்கு மேல் சேர்க்கவும் இடமில்லை.

உன் தம்பி


மார்ச் 19

பல்லு,

ஒரே ஒரு கேள்வி. ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்றபோது, அது யாருடைய வாக்கியம் என்று நினைத்தாய்?

அக்கா


மார்ச் 27

அக்கா,

இதற்குப் பதில் எழுத உட்கார்ந்து நாலு முறை உன் முழங்காலை விசாரித்து எழுதிக் கிழித்தேன். முழங்காலுக்கே சலித்திருக்கும்.

அத்தானுடையது என்று நினைத்தேன்.

திரும்பி வராத அந்தக் கடைசிப் பயணத்துக்கு லாரியை எடுக்கும்போது அத்தான் உன்னிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார், பேச்சு பாதியில் அறுந்தது என்று நீ ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாய். மிச்சத்தை நான் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அதைக் கேட்டவுடன், இதுதான் அது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தேதான் எடுத்தேன். தெரிந்தேதான் பிஸ்கட்டைக் கையில் கொடுத்தேன். 'தெரியாம நடந்துபோச்சு'ன்னு எழுதலாம் என்று பார்த்தேன். பேனா எழுதியிருக்கும். அது என்னோடு பழகின பேனா.

நீ துக்கத்தில் இருந்தபோதெல்லாம் நான் ஜோக் அடித்தேன். அக்காவைச் சிரிக்கவைக்கிறான், நல்ல தம்பி என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். உண்மையில் நீ பேச ஆரம்பித்துவிடுவாயோ என்றுதான் பயம். பேசினால் நான் என்ன சொல்வேன்?

நேற்று பொம்மைக் கடைக்குப் போய் அந்த ஊரை எடுத்துவிடச் சொன்னேன். கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "அது இல்லன்னா புத்தகத்துல என்னய்யா இருக்கு? ரெண்டு நிலாவும் ஒரு வாத்தும்தானே?" என்றார். வாத்தும் இல்லை, அதை அக்காவிடம் கொடுத்துவிட்டேன் என்றேன். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "அப்போ புத்தகமே வேண்டாம், விடு" என்றார். பல் டாக்டர் என்னோடு பேசுவதில்லை. அதனால் அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் பல் செட் வேலையும் இரண்டு குறைந்திருக்கிறது. வீட்டுக்காரி மட்டும், "இப்பதான் கொஞ்சம் மனுஷ மூஞ்சியா இருக்கு"ன்னு சொன்னாள்.

இதையெல்லாம் எழுதுவது நீ இரக்கப்பட வேண்டும் என்பதற்காக இல்லை. சரி, கொஞ்சம் அதற்காகவும்தான்.

ஏப்ரலுக்கு என்னைக் கூப்பிட வேண்டாம் என்றால் கூப்பிட வேண்டாம். பாலத்தை உன் கரையோடு நிறுத்திக்கொள். ஆனால் எனக்குக் கடிதம் எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதே, அக்கா. திட்டியாவது எழுது.

தம்பி


ஏப்ரல் 8

அன்புள்ள தம்பிக்கு,

திட்டுவதற்கென்று உட்கார்ந்தேன். நல்ல நல்ல வார்த்தையாக எடுத்து வைத்திருந்தேன். இப்போது பாதிக்கு மேல் எனக்கே பொருந்தும் போலிருக்கிறது.

அந்த வாக்கியம் உன் அத்தானுடையது இல்லை. அன்றைக்கு போனில் ஒரே இரைச்சல். அவர் என்னவோ சொன்னார். ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்கவில்லை. "என்ன, என்ன?" என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான். இதை யாரிடமும் சொன்னதில்லை. கடைசிப் பேச்சு என்ன என்று கேட்டால், காதில் விழவில்லை என்று எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது.

அந்த வாக்கியத்தை என் மேசைக்குக் கொண்டுவந்தது மருந்துக்கடைக்காரி. ஊரை நான் முதல் தடவை சொன்ன அன்று, செத்தவர் வேஷம் அவளுடையது. அவள் அம்மா ஒரு ஆபரேஷனுக்குப் போனார் என்று முன்பு கேள்விப்பட்டிருந்தேன். அதிலிருந்து அவர் பிழைத்துத் திரும்பவில்லை, கடைசியாகச் சொன்னது இதுதான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பிறகு அதையே எனக்கு என்று வைத்துக்கொண்டேன். உன் அத்தான் அதைத்தான் சொல்லியிருப்பார் என்று ஒவ்வொரு ஞாயிறும் படகுத்துறையில் உட்காரவைத்துக் கேட்டேன். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடிதம் எழுதிக் கேட்கணும் என்று உனக்குச் சட்டம் போட்டவள் நான்.

ஆகவே திருடின பொருளைத்தான் நீ திருடியிருக்கிறாய். அதனால் உன் குற்றம் குறைந்துவிட்டது என்று நினைக்காதே. அத்தானுடையது என்று நம்பிக்கொண்டே சிரிக்கவைத்தாய். அது அப்படியே இருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும். அதைப் பற்றி நேரில் ஜோக் அடித்தாயானால் முழங்காலையும் பார்க்காமல் எழுந்து வருவேன்.

நேற்று வேலை முடிந்து அவள் மருந்துக்கடைக்குப் போய், எல்லாவற்றையும் அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். உனக்கும் சேர்த்துத்தான். மருந்துச் சீட்டோடு நின்றவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

பாலம் கட்டுகிற நாள் இருபத்தாறாம் தேதி. வா. வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு வா. ஆனால் கதை சொல்கிறவனாக இல்லை, ஆடுகிறவனாக வா. பகடையை உருட்டு, உன் முறை வரும்வரை வாயை மூடிக்கொண்டிரு. நான் பேச்சை நிறுத்தும் இடத்தில் நீயும் சும்மா இரு. முகத்தை யார் பார்த்தாலும் பார்க்கட்டும்.

அன்புடன்,
அக்கா

பி.கு.: மருந்துக்கடைக்காரி நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுத் திருதிருவென்று விழித்தாள். அவள் அம்மா நன்றாக இருக்கிறாராம், கீழ் வீட்டோடு தினமும் சண்டை. அந்த வாக்கியத்தை அவள் முன்பு ஆடிக்கொண்டிருந்த வேறொரு மேசையிலிருந்து எடுத்தாளாம். அங்கே அதைச் சொன்னது ஒரு கொள்ளைக்காரனின் கிளி. அதற்கு அவ்வளவுதான் பேச வருமாம்.