கார்முகில் போட்ட படம்

அன்புள்ள அருணாவுக்கு, அம்மா எழுதுறது. இங்க நானும் அப்பாவும் ஒடம்புக்குக் கொறையில்லாம இருக்கோம், தில்லிக் குளிருல நீயும் அப்படியே இருக்கணும்னு கும்பிட்டுக்கிறேன். ஆலங்குடியில மழை விட்டு வெயில் வந்துருச்சு. முந்திரிப் பார்சலோட இதையும் வைக்கிறேன், போன்ல பேசினா அப்பா பக்கத்துலயே நிக்கிறாரு, மனசு விட்டுச் சொல்ல முடியல.

நீ பாடம் சொல்லிக் குடுக்குற காலேஜ் பிள்ளைகளைக் கூட்டியாந்து, நம்ம முந்திரிக் கொட்டகையில வேலை எப்படி நகருதுன்னு படமாப் போடணும், அதை வச்சுத்தான் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதணும்னு சொன்னப்ப, இதுல பாடம் நடத்த என்ன இருக்குன்னுதான் நெனச்சேன். மொத நாளு அவிக்கிறது, உடைக்கிறது, காய வைக்கிறது, தோல் உரிக்கிறதுன்னு கட்டம் கட்டமா அம்புக்குறியோட அழகாத்தான் போட்டுக் கொண்டாந்தாங்க. நீ என்னடான்னா, எல்லாம் சரியா நடந்தா இப்படி, நடக்காத அன்னைக்கு எப்படின்னு கேட்டுத் திருப்பி அனுப்பிட்ட. அன்னைக்குத்தான் தோல் உரிக்கிற அமிர்தவல்லி, கம்ப்யூட்டர் வந்தா எங்களை வீட்டுக்கு அனுப்பிருவீங்களான்னு ஒன் மாணவி கார்முகில்கிட்ட மொகத்துக்கு நேராக் கேட்டா. தில்லியில வளர்ந்த பொண்ணு, தமிழே திக்கித் திக்கித்தான் வருது, ஒன்னையவே பார்த்துச்சு. நீயே பதில் சொல்லுன்னு நீ கையக் காட்டிட்ட. எனக்குத் தெரியலக்கா, ஒங்க கஷ்டத்தை மொதல்ல சொல்லுங்கன்னு அது தரையில உக்காந்துச்சு பாரு, அப்புறந்தான் இவளுக பேசுனாளுக. பருப்பு காயாம வந்தா தோல் வராது, திரும்பக் காய வைக்கணுமான்னு அப்பாதான் கடிச்சுப் பார்த்துச் சொல்லணும், அவரு வெளிய போனா வர்ற வரைக்கும் எல்லாரும் சும்மா உக்காந்திருந்து, பஸ்ஸையும் விட்டுட்டு இருட்டுல நடந்து போறாளுகளாம்.

கடைசி நாள் எல்லார் முன்னாடியும் கார்முகில் படத்தை விரிச்சு, வேலை இங்கதான் நிக்குதுன்னு காட்டின கட்டத்துல முதலாளின்னு எழுதியிருந்துச்சு. அப்பா மொகம் சுண்டிப்போச்சு. நீ பேச்சை மாத்திருவன்னு பார்த்தேன், நீ அந்தப் பொண்ணுகிட்ட, மேல சொல்லும்மான்னுட்ட. சொந்த அப்பாவுக்காகக்கூட அந்தப் பொண்ணு கண்டுபிடிச்சதை மறைக்கச் சொல்லலையேன்னு எனக்கு அப்பவே நெஞ்சு நெறஞ்சு போச்சு. அப்பா சாப்பிடாம எந்திரிச்சுப் போனதுல நீ கண்ணைத் தொடச்சுக்கிட்டே ரயில் ஏறினது எனக்குத் தெரியும்த்தா.

நீங்க போன பெறகு, செவுத்துல ஒட்டுன படத்தை அப்பா கிழிச்சிருவாரோன்னு பயந்தேன், அவரு என்னடான்னா அது முன்னாடியே போயிப் போயி நின்னாரு. பெறகு ஒரு நாள் அமிர்தவல்லியைக் கூப்பிட்டு, காய்ஞ்சிருச்சா இல்லையான்னு இனிமே நீயே பார்த்துச் சொல்லு, என்னைய கேக்க வேணாம், எந்தக் கம்ப்யூட்டர் வந்தாலும் ஒங்க யாரையும் நிறுத்த மாட்டேன்னாரு. போன வாரம் பொன்னமராவதியில ஒரு விசேஷத்துக்குப் போயிட்டு வாரோம், கொட்டகை பூட்டியிருக்கு. தொறந்து பார்த்தா, காயாம வந்த பருப்பைத் திரும்பக் காய வச்சு உரிச்சு அடுக்கிட்டு, வெளிச்சம் இருக்கப்பவே பஸ் ஏறிப் போயிட்டாளுக. அப்பா அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்துட்டு, அந்தப் பொண்ணு பாஸாயிருச்சான்னு அருணாட்ட கேளுன்னாரு. நீங்களே கேளுங்களேன்னேன். அன்னையிலருந்து போனைச் சட்டைப்பையிலயே வச்சுக்கிட்டுத் திரியிறாரு.

நீயும் ஒன் பிள்ளைகளும் நல்லா இருக்கணும், நேரத்துக்குச் சாப்பிடு. இதைப் படிச்சதும் எனக்குப் பண்ணாத, அப்பா நம்பருக்குப் பண்ணு.

ஒன்னைய நெனச்சுப் பூரிச்சுப் போயிருக்குற
அம்மா கண்ணாத்தாள்