இருபத்தொன்பது பேரும் சரி என்றார்கள்

ஜாகார்த்தா,
22 ஆகஸ்ட் 1994

என் அருமைச் சுமிக்கு,

ரெத்னோ எழுதுவது. சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த இறால் அப்பளத்தில் பாதியை ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரே தீர்த்துவிட்டார். மீதி அலுவலகத்தில் ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை.

சுராபாயாவில் படிக்கும்போது நாலு வருஷம் ஒரே அறையில் சண்டை போட்டுக்கொண்டு கிடந்த நாம், இப்போது நீ கிடங்கு அதிகாரியாகவும் நான் உன்னைக் கேள்வி கேட்க வந்தவளாகவும் எதிரெதிரே உட்கார்ந்ததை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. "அம்மா, உங்கள் பெயர், பதவி?" என்று நான் கேட்டபோது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாயே, கள்ளி!

அறிக்கையை எழுதி முடித்துவிட்டேன். மூன்று கேள்விகள்தான். உங்கள் கிடங்குக் கணக்கைக் கம்ப்யூட்டரால் செய்ய முடியுமா, செலவுக்குத் தகுந்த பலன் உண்டா, அங்கே இருப்பவர்கள் அதை ஏற்றுக்கொண்டு நடத்துவார்களா. முதல் இரண்டுக்கும் பக்கம் பக்கமாகக் கணக்கு. மூன்றாவதற்கு அந்தக் கவலையே இல்லை. படிவம் கொடுத்த இருபத்தொன்பது பேரும் சரி என்று எழுதியிருக்கிறார்கள். என் மேலாளர் தார்சோனோ, "இப்படி ஒரு கம்பெனிய நான் பாத்ததே இல்லம்மா" என்றார். என் பெயர் மட்டும் போட்டு வெளியே போகும் முதல் அறிக்கை இது, சுமி.

வாசலில் வழியனுப்பும்போது, "மழைக்காலத்துல ஒரு தடவ வந்து பாத்துட்டு எழுதக் கூடாதாடி?" என்றாய். என்னை மறுபடி வரவழைக்க நீ போடும் சாக்கு எனக்குத் தெரியாதா!

அம்மாவுக்கு என் சலாம்.

உன்,
ரெத்னோ

*

சிதோஆர்ஜோ,
4 செப்டம்பர் 1994

அன்பு ரெத்னோவுக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மா இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "கள்ளி" என்று எழுதியிருந்த இடத்தை மட்டும் தாண்டிவிட்டேன்.

நேரில் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. இருபத்தொன்பது பேர் சரி என்றதை வைத்துச் சந்தோஷப்படாதே. நீ படிவம் கொடுத்தபோது முதலாளி ஹர்சோயோ தேநீர்க் கோப்பையோடு பின்னாலேயே நின்றார். அவர் நிற்காவிட்டாலும் அதையேதான் எழுதியிருப்பார்கள். நீ போன பிறகு மின்தார்சி அக்காவிடம், கிடங்கில் இருபது வருஷமாக இருப்பவளிடம் கேட்டேன். "அந்தப் புள்ள அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்கு. முடியாதுன்னு எழுதிக் குடுத்தா மனசு நோகாதா?" என்றாள். நீ ஜாகார்த்தாவில் வளர்ந்தவள். எங்கள் பக்கத்தில் தாட்சண்யத்துக்குத்தான் முதல் மரியாதை. சரி என்பதோடு ஒரு நாளும் சேர்த்துச் சொன்னால்தான் அது சரி. நாள் சொல்லாமல் சிரித்துக்கொண்டு சரி என்றால் முடியாது என்று அர்த்தம். உன் படிவத்தில் நாள் எழுத இடமே இல்லையே.

இன்னொன்று. நீ வந்தது நல்ல வெயில் காலம். அப்பளம் காலையில் தட்டியில் காயும், மாலையில் மூட்டையாகி உள்ளே வரும், அதோடு விற்கும் வரை நகராது. மழைக்காலத்தில் அப்படி இல்லை. தூறல் விழுந்தால் அரைகுறையாகக் காய்ந்ததை அள்ளி உள்ளே போடுவோம், வெயில் வந்தால் வெளியே கொண்டுபோவோம். ஒரே மூட்டை ஒரு நாளில் மூன்று முறை உள்ளே வரும். உன் திட்டத்தில் உள்ளே வரும் மூட்டைக்குச் சீட்டு உண்டு. வெளியே போனால் அது விற்பனை மட்டும்தான். வெயிலுக்குப் போகும் மூட்டையை எங்கே எழுதுவது?

அறிக்கையைக் கொஞ்சம் நிறுத்திவை. ஜனவரியில் ஒரு வாரம் வந்து எங்களோடு இரு. அம்மா மீன் வறுத்துப் போடுவாள்.

உன் சுமினார்

*

ஜாகார்த்தா,
19 செப்டம்பர் 1994

சுமிக் கண்ணுக்கு,

உன் கடிதம் வருவதற்கு நாலு நாள் முன்னாலேயே அறிக்கை உங்கள் முதலாளி கைக்குப் போய்விட்டது. அவர் கையெழுத்தும் போட்டுவிட்டாராம்.

ஆனாலும் தார்சோனோவிடம் கேட்டேன். இன்னொரு சீட்டு சேர்ப்பதென்றால் வேலை இரண்டு மாதம் தள்ளிப்போகும், பெருநாள் விற்பனைக்குள் முடியாது என்றார். "அதெல்லாம் பயிற்சியில சொல்லிக் குடுத்துப் பாத்துக்கலாம், விடு" என்றார். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டு இப்போது போய் இல்லை என்று எப்படிச் சொல்வேன்? நீயே சொல்.

பயிற்சிக்கு நானே வருவேன். டிசம்பரில் நேரில் பார்த்துச் சரிசெய்துவிடலாம். மனதைக் குழப்பிக்கொள்ளாதே.

அன்பு முத்தங்களுடன்,
ரெத்னோ

*

சிதோஆர்ஜோ,
12 மார்ச் 1995

ரெத்னோவுக்கு,

டிசம்பரில் நீ வரவில்லை. வந்த பையன் நல்லவன்தான், இரண்டு நாளில் திரும்பிப் போய்விட்டான்.

பெருநாள் எப்படிப் போயிற்று என்று கேட்பாய். பிப்ரவரி முழுக்க மழை. பெருநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கம்ப்யூட்டர் ஆயிரத்து நூறு மூட்டை இருப்பதாகக் காட்டியது. அதை நம்பி முதலாளி எல்லா ஊர் வியாபாரிகளுக்கும் வாக்குக் கொடுத்துவிட்டார். கிடங்கில் இருந்தது அறுநூற்று முப்பது. நான் முன்னாலேயே போய்ச் சொன்னேன். "மெஷின் பொய் சொல்லுமா, சுமினார்?" என்றார். வண்டிகள் வந்து நின்று, வெறுமையாகத் திரும்பின.

மீதி நானூற்று எழுபது மூட்டை எங்கே என்பதுதான் இப்போது கேள்வி. சீட்டு ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து. யாரும் என்னைத் திருடி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். "களச்சுப் போயிருக்கீங்க, கொஞ்ச நாள் வீட்டுல இருங்க" என்றார் முதலாளி. ஒன்பது வருஷமாக எங்கள் தெருத் தொழுகைக் கூடத்தில் பெருநாள் தர்ம அரிசி வைக்கும் அறையின் சாவி என்னிடம்தான் இருந்தது. இந்த வருஷம் பெண்கள் நாலு பேர் பலகாரத் தட்டோடு வந்து, "உங்களுக்கு எதுக்கு இந்தச் சிரமம்" என்று சிரித்துக்கொண்டே சாவியை வாங்கிப் போனார்கள். அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

நான் உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. ஒரே ஒரு உதவி. மூட்டைகள் காணாமல் போகவில்லை, ஒன்றையே திரும்பத் திரும்ப எண்ணியிருக்கிறது, தப்பு திட்டத்தில்தான் என்று முதலாளிக்கு நீ ஒரு கடிதம் எழுது. நான் சொன்னால் அது தப்பிக்கச் சொல்வது. நீ சொன்னால் நம்புவார். ஒரு பக்கம் போதும். எழுதுவாயா?

சுமி

*

ஜாகார்த்தா,
6 ஏப்ரல் 1995

அன்புள்ள சுமி,

படித்து அழுதுவிட்டேன். உன்னைப் போய் இப்படி நினைக்க அவர்களுக்கு எப்படி மனம் வந்தது!

கடிதம் கட்டாயம் எழுதுவேன். ஆனால் இப்போது எழுதினால் எங்கள் கம்பெனியிடமே நஷ்டஈடு கேட்பார்கள் என்று தார்சோனோ பயப்படுகிறார். ஜூனில் எனக்குப் பதவி உயர்வு பற்றிய பேச்சு இருக்கிறது. அது முடியட்டும், சரியான சமயம் பார்த்து எழுதுகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

அம்மாவுக்குக் கட்டிக்கொள்ளப் பாத்திக் துணி ஒன்று அனுப்பியிருக்கிறேன். நிறம் பிடித்ததா என்று எழுது.

உன் ரெத்னோ

*

ஜாகார்த்தா,
20 ஆகஸ்ட் 1995

சுமி,

ஐந்து மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. துணி கிடைத்ததா என்று கேட்டு நான் போட்ட அட்டைக்கும் பதில் இல்லை. அந்த அட்டையை எழுதியதற்கே இப்போது வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் மேசையை ஒழிக்கும்போது உங்கள் கிடங்குக்கு நான் கொண்டுவந்த பழைய குறிப்பேடு கிடைத்தது. மூன்றாம் நாள் பக்கத்தின் ஓரத்தில் "மழை பெய்தால்?" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. நீ வாசலில் சொல்வதற்கு முன்னாலேயே, வானத்தைப் பார்த்து எனக்கே அந்தச் சந்தேகம் வந்திருக்கிறது. அதை அறிக்கையில் எழுதியிருந்தால் இன்னொரு பயணம், இன்னொரு மாதம். எழுதாமல் விட்டேன். உன் வார்த்தையைச் சாக்கு என்று சொல்லிச் சிரித்ததும் அதனால்தான். மறந்துபோனது என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை சுமி, வேண்டுமென்றேதான் விட்டேன்.

ஏப்ரலில் "சரியான சமயம் பார்த்து" என்று உனக்கு எழுதினேனே. நாள் சொல்லாத சரி எது என்று நீ எனக்குச் சொல்லிக் கொடுத்த பிறகும், அதையே உனக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். நீ அன்றைக்கே புரிந்துகொண்டிருப்பாய்.

முதலாளிக்கு இந்த மாதம் இரண்டாம் தேதி எழுதிவிட்டேன். நகல் இதோடு இருக்கிறது. பிப்ரவரியில் மழை பெய்த நாட்களையும் அந்தந்த நாளின் சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கிறேன். நானூற்று எழுபதும் அப்படியே வந்துவிட்டது, ஒன்றுகூட மிச்சமில்லை. தப்பு என்னுடையது, சுமினார் முன்கூட்டியே எழுதி எச்சரித்தாள் என்றும் சொல்லியிருக்கிறேன். அதற்கு மறுநாள் என்னை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அது பரவாயில்லை, ஐந்து மாதம் முன்னால் நடந்திருக்க வேண்டியது.

உன்னைப் பார்க்க வேண்டும். மன்னிப்பு என்று பெரிய வார்த்தை கேட்கவில்லை. உன் வீட்டுச் சமையலறையில் ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும். எந்த நாள் வரட்டும்? ஒரு நாள் மட்டும் சொல், சுமி. எந்த நாளானாலும் வருகிறேன்.

ரெத்னோ

*

சிதோஆர்ஜோ,
3 செப்டம்பர் 1995

மரியாதைக்குரிய ரெத்னோ அவர்களுக்கு,

தங்கள் கடிதமும் நகலும் கிடைத்தன. மிக்க நன்றி. எங்களுக்காகத் தாங்கள் இவ்வளவு சிரமப்பட்டிருக்கிறீர்கள்.

முதலாளி ஐயா சென்ற வாரம் பழக்கூடையோடு வீட்டுக்கு வந்து, நடந்ததற்கு வருந்தினார். பழையபடி வேலைக்கு வரச் சொன்னார். சரி என்று சொல்லியிருக்கிறேன். தொழுகைக் கூடத்துச் சாவியைப் பெண்கள் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மின்தார்சி அக்காவிடம் இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டேன்.

அம்மா ஜூன் மாதம் காலமானார். அந்தத் துணியைக் கட்டிக்கொள்ள அவருக்கு வாய்க்கவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறேன். தங்களுக்குத் தேவைப்பட்டால் அனுப்பிவைக்கிறேன்.

தங்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நீங்கள் நல்லபடியாக இருக்க வேண்டும். தாராளமாக வாருங்கள், எங்கள் வீட்டுக் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். தங்களுக்கு வசதிப்படும்போது வாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும்,
சுமினார்