திரும்பிப் பார்க்காத நாய்கள்

அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? தங்கச்சி நேரத்துக்கு மருந்து தருகிறாளா?

எனக்கு வேலை சிரமமில்லை. பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் நாய்களை இங்கே பழக்குகிறார்கள். வேலைப் பட்டை கட்டிய நாய் நடந்து வரும்போது, வழிப்போக்கன் மாதிரி எதிரே போய் நான் கொஞ்சிக் கூப்பிட வேண்டும். அது திரும்பாமல் போனால் பாஸ். நாள் முழுக்கக் கூப்பிடுகிறேன். ஒன்றும் திரும்பாது.

போன மாதம் வாய் தவறி, நீங்கள் கூப்பிடுகிற மாதிரி "வாடா ராஜா" என்றேன். ஒரு கறுப்பு நாய் நேரே என்னிடம் வந்துவிட்டது. நானும் தடவிவிட்டேன். கண்ணைக் கட்டிக்கொண்டு அதைப் பிடித்து வந்த பயிற்சியாளர் கம்பத்தில் முட்டிக்கொண்டார். லேசான வீக்கம்தான்.

"நெஜமாவே கண்ணு தெரியாதவர் ரோட்டுல போயிருந்தா என்ன ஆகியிருக்கும்? கூப்பிடத்தான் உனக்குச் சம்பளம், தடவ இல்ல," என்றார்.

நாயை மறுபடி முதலிலிருந்து பழக்கினார்கள். இன்று அதே மாதிரி கூப்பிட்டேன். பார்க்காமலே போய்விட்டது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

நீல ஸ்வெட்டருக்கு இரண்டு பொத்தான் அனுப்புங்கள். தங்கச்சி போனில் "வாடா ராஜா" என்று பேசிப் பதிந்து அனுப்புங்கள். வேறு எதுவும் சொல்ல வேண்டாம்.

எங்களை அறைக்குக் கூட்டிப்போகும் வேன் வந்துவிட்டது.

உங்கள் மகன்