தொட்டிக்குள் பெருகும் நட்சத்திரம்

காரைக்கால்
9-4-1984

அன்பு மகன் ஆந்த்ரேவுக்கு அப்பா சொல்லி எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் நடமாட்டமாய் இருக்கிறோம், அந்தச் சீமைக் குளிரில் நீயும் மருமகள் தெரேஸும் குழந்தை ழிசெலும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டுகிறோம். நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு கமர் நிஷா எழுதுகிறாள். எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை தம்பி. லீவில் வந்தபோது ழிசெலுக்காக நீ வைத்துவிட்டுப் போன உப்புத்தண்ணீர்த் தொட்டியைத்தான் சொல்கிறேன். மண்டபம் கடற்கரையிலிருந்து நீ கொண்டுவந்த பவளக்கல்லில் ஒட்டிக்கொண்டு நட்சத்திர மீன் வந்திருக்கிறது, சுண்டுவிரல் நகம் அளவுதான். எழுபத்தேழு புயலுக்கு மறுநாள் திருவேட்டக்குடிக் கரையில் உள்ளங்கை அகலத்தில் ஒதுங்கிக் கிடந்தது எனக்கு நினைவிருக்கிறது, இத்தனை பொடிசாய்ப் பார்த்ததே இல்லை. முதலில் ஒன்றைக் கண்ணாடியில் கண்ட உன் அம்மா, மூன்று ராஜாக்கள் திருநாளும் அதுவுமாய் அவர்களுக்கு வழிகாட்டிய நட்சத்திரமே வந்திருக்கிறதென்று மெழுகுவத்தி ஏற்றிவிட்டாள். அப்புறம் அங்கொன்று இங்கொன்று என்று கூடவும் எனக்குப் பொறுக்கவில்லை. வலையில் வேண்டாதது வந்தால் என்ன செய்வோம், பிய்த்து, வந்த தண்ணீரிலேயே எறிவோம், அந்தக் கைப்பழக்கத்தில் ஒவ்வொன்றையும் இரண்டாய்ப் பிய்த்து, மீன் தின்னட்டும் என்று தொட்டிக்குள்ளேயே போட்டேன். மீன் மூக்கால் முட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. சில வாரம் கழித்துப் பார்த்தால், ஐயோ, பிய்த்த பாதியெல்லாம் ஊர்கிறது, அறுந்த இடத்தில் புதிதாய்க் கை முளைக்கிறது! அதுகூடப் போகட்டும், நேற்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று, யாரும் தொடாமல், தன்னைத்தானே கிழித்துக்கொண்டு பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாய் நகர்ந்துபோனது. கையிலிருந்த காப்பியைக் கொட்டிவிட்டேன். கடல்லயே கிடந்த மனுசரு கண்ணாடிப் பெட்டிக்குள்ள தோத்துட்டீங்களே என்று உன் அம்மா சிரிக்கிறாள், எழுதுகிற பெண்ணும் சிரிக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பவளம் பூவாய் விரிவதைப் பார்த்துக் குழந்தை பூக்கல் என்று பெயர் வைத்த அந்தக் கல்லில் வெள்ளை வெள்ளையாய்த் திட்டு விழுகிறது, இதுகள்தான் தின்கிறதோ என்று பயமாயிருக்கிறது. கல்லை வெயிலில் காயவைத்தால் இதுகள் ஒழியும், கூடவே அந்தப் பூவும் செத்துப்போகும். ஆகஸ்டில் வரும்போது பூ விரிந்திருக்கும் என்று ழிசெலுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் தம்பி. அங்கே விவரம் தெரிந்தவர்களைக் கேட்டு என்ன செய்வதென்று எழுது. அதுவரைக்கும் பிய்க்காமல் முழுசாய்ப் பொறுக்கி வெளியே போடுகிறேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. தெரேஸைக் கோபித்துக்கொள்ளாதே. மாதா உங்கள் மூவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். போன கடிதத்துக்கே உன்னிடமிருந்து பதில் இல்லை. இந்தப் பூச்சிக்குப் பாதி உடம்பு இருந்தால் போதும், மீதியை வளர்த்துக்கொள்கிறது. நீயும் பாதிக் கடிதமாவது போடு, மீதியை உன் அம்மா வளர்த்துக்கொள்வாள்.

அன்பு அப்பா
சந்தனசாமி (கைநாட்டு)