வேட்டனாரின் புறாவுக்கு விடை கொடுத்த ஓலை

மூன்று குன்றும் ஓர் ஆறும் உடைய மருதங்கோட்டை நாட்டின் மன்னர், பகைவர் கண்டு நடுங்கும் கடம்பமாறர் ஆணைப்படி, அமைச்சன் இளம்பூதி எழுதும் ஓலை. தென்துறையில் தூதுப் புறா மாடம் நடத்தி, அக்கம்பக்கத்து அரசர்களையெல்லாம் இரண்டாண்டு ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டிருக்கும் வேட்டனார் காண்க. உம் நாட்டில் மழை பொழிக, உம் மாடத்தில் தானியம் நிறைக, உமக்குக் கொஞ்சம் வெட்கமும் வருக.

குழம்பில் உப்பு இல்லை என்று மன்னர் விருந்தினர் முன் சொன்ன ஒரு சொல்லுக்காக, எம் அரசி அல்லியம்மை கோபித்துப் பிறந்தகம் சென்றதை நாடே அறியும். மன்னர் தம் கையாலேயே மன்னிப்பு ஓலை எழுதி உம் புறாவின் காலில் கட்டி அனுப்பினார். அது போய்ச் சேரவேயில்லை. வரும் அமாவாசைக்குள் ஒரு சொல்லும் வராவிட்டால் தம் பெட்டிகளையும் கேட்டனுப்பப் போவதாக அரசியார் அழுதபடி சொன்னாராம். இங்கே மன்னர் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருக்கிறார். பார்க்கச் சகிக்கவில்லை.

உம் புறாவோ எல்லைச் சாவடியில் அவல் பொறுக்கியபடி நடந்து போனது. காவலர் பிடித்து வந்தனர். காற்றின் வேகம் வரை செல்லும் என்றல்லவா எழுதிக்கொடுத்தீர்கள் என்று உம் முகவரைக் கேட்டேன். வரை என்றால் நடையும் அதற்குள் அடக்கம் என்று விளக்கமருளினார். அப்படியானால் ஓட்டத்தூதர் வைத்திருக்கும் சாத்தியாரிடம் மாறிக்கொள்கிறோம் என்றேன். தவணைக்கு முன் விலகினால் மிச்ச மாதங்களுக்கான நெல் முழுவதையும் தண்டமாக அளக்க வேண்டும் என்றார். விலகாதிருந்தால் இன்னொரு புறா இலவசம் என்றும் குழைந்தார். அதுவும் நடக்குமா என்று கேட்டுவிட்டேன், முகம் சுருங்கிவிட்டது.

பிறகு ஒப்பந்தத்தைப் படித்தேன். சேவை பழுதானால் தண்டமின்றி விலகலாம் என்று கடைசி வரியில் எறும்பு ஊர்ந்தாற்போல் எழுதியிருக்கிறீர். ஆனால் விலகல் ஓலையை உம் மாடத்துப் புறாவே கொண்டுவந்து சேர்க்க வேண்டுமாம். போய்ச் சேராத புறாவிடமே, நீ போய்ச் சேரவில்லை என்று எழுதிக் கொடுத்தனுப்ப வேண்டும். நன்றாக இருக்கிறது உமது நியாயம்.

ஆகவே இவ்வோலை உம் புறாவின் காலில் கட்டப்பட்டுள்ளது. புறா கூடைக்குள் இருக்கிறது. கூடை, சாத்தியாரின் ஓட்டத்தூதன் வல்லன் தலையில் இருக்கிறது. புறா பறந்து வரவேண்டும் என்று எழுத நீர் மறந்துவிட்டீர்.

வரும் வழியிலேயே வல்லன் மன்னரின் புதிய ஓலையை அரசியாரிடம் கொடுத்திருப்பான். உப்பு சரியாகத்தான் இருந்தது என்பதே அதிலுள்ள ஒரே வரி. திரும்பும்போது அவன் அரசியாரின் மறுமொழி வாங்கி வரவேண்டும். மன்னர் கோட்டை வாசலை விட்டு நகர மறுக்கிறார். எனவே தண்டமின்றி விடுவித்ததாக உடனே எழுதி வல்லன் கையில் கொடுத்தனுப்புக. புறாவை நீரே வைத்துக்கொள்க.

இது அரச கட்டளை. இதற்கு முக்குன்று முத்திரை சாட்சி. குழம்பில் உப்பு இல்லாததற்கு, அதே பந்தியில் உண்ட நான் சாட்சி. அதை மட்டும் அரசியார் காதில் போடாதிருப்பீராக.