லீவருக்கு முன்னால் ஒரு மரக்கட்டை

மார்ச் 4

என் அன்புச் சகலைக்கு,

ஏ சகலை, எப்படி இருக்கே? சாப்பிட்டாச்சா? பட்டறையில கூட்டம் ஜாஸ்தியா? உன் வீட்டுக்காரி, நம்ம பெரியவளுக்கு முட்டி வலி குறைஞ்சுதா? இங்க நாங்க நல்லா இருக்கோம்னு எழுதச் சொன்னேன். உன் கொழுந்தியா பேனாவைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு என் மூஞ்சியையே பாக்குறா. சரி தாயே, "இருக்கோம்"னு மட்டும் எழுதுன்னு சொல்லிட்டேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதுறது அவதான். எழுத்துக் கூட்டி நானே எழுதினா ஒரு பக்கத்துக்கு ஒரு பொழுது போயிடும். போன் பண்ணலாம்னா, இன்ஜின் பக்கத்துலயே உக்காந்து உக்காந்து காது போச்சு. நீ பேசினா ஈ பறக்குற மாதிரி இருக்கு.

நீ அனுப்பின இன்ஜின் இன்ஜினா அது? புலி! முந்தி அக்கரை போய்ச் சேர்றதுக்குள்ள வெயில் ஏறிடும். இப்போ அவ தலைத்துணியைச் சரி பண்ணி முடிக்கல, அக்கரை வந்துடுது. ஆஸ்பத்திரியில அவளுக்கு ரத்தம் சுத்தம் பண்ணிட்டுத் திரும்பறப்போ, குமட்டல் ஆரம்பிக்கறதுக்குள்ள வீட்டுல கொண்டுவந்து படுக்க வெச்சுடுறேன். அதுக்கு உனக்குக் கோயில் கட்டணும்.

ஆனா ஒரு கவலை. எங்க தெருவுல ஒரு தச்சன் இருந்தான், தெரியுமா? அவன் மாப்பிள்ளை பயங்கர பலசாலி. சைக்கிளை எடுத்து மிதிச்சான்னா செயின் அறுந்துடும். ஊரே அவன் தொடையைப் பாராட்டும், சைக்கிளைத் திட்டும். கடைசியில அந்த வீட்டுல சைக்கிளே இல்லாமப் போச்சு. அவன் நடந்தே மாமனார் வீட்டுக்கு வந்து... அது பெரிய கதை, விடு. நம்ம படகும் அப்படித்தான். இன்ஜின் உள்ள ஜம்முனு உக்காந்திருக்கு. பின்பலகைக்கு வெளிய தண்ணிக்குள்ள நிக்குதே, படகைத் தள்ளுற விசிறி மாட்டின கால், அது பழசு. இவ்வளவு குதிரைச் சக்தியையும் அந்த ஒத்தைக் கால் தாங்கணும். அதை எப்படி சகலை பாத்துக்கறது?

(அத்தான், நான்தான். இவர் வேக லீவரைப் பிடிச்சா பச்சைப் பிள்ளை ஊதலைப் பிடிச்ச மாதிரி. கொஞ்சம் கண்டிச்சு எழுதுங்க.)

இப்படிக்கு,
உன் சகலை, படகுக்காரன்


மார்ச் 15

அன்புள்ள சகலைக்கும், எழுதித் தரும் கொழுந்தியாளுக்கும்,

கடிதம் கிடைத்தது. என் வீட்டுக்காரி வாசித்துக்கொண்டே வந்தவள், "இருக்கோம்" என்ற இடத்தில் நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மீதியை நான்தான் வாசித்தேன்.

சகலை, அந்த இன்ஜினுக்குப் பெரிய கால்தான் பொருத்தம். அதைப் போடப் படகைக் கரையேற்றிப் பின்பலகையை வெட்ட வேண்டும். ஒரு மாத வேலை. "ஒரு மாசம் அவ எப்படி அக்கரை போவா?" என்று இன்ஜினை அனுப்பும்போதே கேட்டாய். அரசுப் படகோ காற்றடித்தால் வராது. அதனால் இருக்கிற காலைக் காப்பாற்றுகிற வழியைப் பேசுவோம்.

காலைக் கொல்வது வேகத்தை விட உதைதான். படகு அலையேறிக் குதிக்கும்போது விசிறி தண்ணீரை விட்டு வெளியே வந்துவிடும். பிடிக்க ஒன்றுமில்லாமல் இன்ஜின் வெறிபிடித்துச் சுற்றும். திரும்ப விழும்போது தண்ணீர் அதை லபக்கென்று பிடிக்கும். அந்த அடி மொத்தமும் காலுக்குள் இருக்கும் பல்சக்கரங்களுக்குப் போகும். ஆகவே படகின் மூக்கு எழும்பும்போதே லீவரைக் குறை. விழுந்து, தண்ணீர் பிடித்தது என்று தெரிந்த பிறகு கொடு. நின்ற இடத்திலிருந்து ஒரேயடியாகத் தள்ளாதே.

காலில் இருக்கும் கியர் ஆயிலை அடிக்கடி மாற்று. பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மினுமினுத்தால் பல் தேய்கிறது. காலின் தலையில் தண்ணீர் தெளிக்க ஒரு சின்னக் குழாய் அனுப்பியிருக்கிறேன், சூடு ஏறாமல் இருக்கும். முக்கியமாகக் காதைத் தீட்டிக்கொள். மெல்லிசாக ஓர் ஊளை கேட்டால் அந்த இடத்திலேயே வேகத்தைக் குறைத்துவிடு.

கொழுந்தியாளே, கண்டித்தாயிற்று. நீ வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
பட்டறைக்காரன்


ஏப்ரல் 2

அன்புச் சகலைக்கு,

நலம், நலமறிய ஆவல். குழாய் வந்துச்சு, மாட்டியாச்சு. இப்போ நம்ம கால் ராஜா மாதிரி குளிச்சுக்கிட்டே போகுது.

ஆனா நீ காதைத் தீட்டச் சொன்னியே, அதுதான் இடிக்குது. மெல்லிசான ஊளையெல்லாம் என் காதை விட்டுப் போயி ரொம்ப நாளாச்சு. அடிச்சா, தட்டினா, 'தொம்'முனு விழுந்தாத்தான் கேக்கும். அதனால இவளை எனக்குப் பின்னாடி உக்கார வெச்சு, "ஊளை கேட்டா முதுகுல தட்டு"ன்னு சொல்லியிருக்கேன். பாவம், ஊசி குத்தின கையைத் துணியில சுத்தி வெச்சுக்கிட்டு, கண்ணை மூடி, தலையைச் சாய்ச்சு, காலோட சத்தத்தையே கேட்டுக்கிட்டு வர்றா. போன வாரம் நடுத் தண்ணியில டபார்னு ஒரு தட்டு. பதறிப்போய் இன்ஜினையே நிறுத்திட்டேன். "என்னடி, ஊளையா?"ங்கறேன். "சட்டையில எறும்பு"ங்கறா.

(எறும்பு கடிச்சா இவர் லீவரை விட்டுட்டுக் குதிப்பார் அத்தான். அதான் தட்டினேன்.)

அலையில மூக்கு தூக்கறப்போ குறைக்கத்தான் குறைக்கிறேன். போறப்போ எல்லாம் சரியாத்தான் நடக்குது. வர்றப்போதான் சகலை என் கை என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. அவ தலை என் தோள்ல விழும். நெத்தி வேர்த்து ஜில்லுனு இருக்கும். காதுக்குள்ளயே "மெதுவா போங்க, எனக்கு ஒண்ணுமில்ல"ம்பா. அந்த ஒண்ணுமில்லையைக் கேட்டதும் கை தானா லீவரைத் தள்ளிடுது. தள்ளினா கால் போகும். குறைச்சா இவ துவண்டுடுறா. எதுக்குன்னு நான் பாக்குறது?

நேத்து ஆயிலை வடிச்சேன். பால் இல்ல. ஆனா வெயில்ல பிடிச்சுப் பாத்தா, மீன் செதிலை அம்மியில வெச்சுப் பொடிச்ச மாதிரி மினுமினுப்பு. இவ எட்டிப் பாத்துட்டு, "அழகா இருக்கே"ன்னா. பட்டறையில வேலை பாக்குற ஆளோட மச்சினிச்சியாச்சே, தெரியாமலா இருக்கும்?

உன் சகலை


ஏப்ரல் 13

அன்புள்ள சகலை,

மினுமினுப்பைப் பற்றி வாசித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. அந்தக் காலுக்கு உள்சக்கரங்கள் தேடி, தெரிந்த எல்லாரிடமும் கேட்டுவிட்டேன். அந்த வகையைச் செய்வதை நிறுத்திப் பல காலம் ஆகிவிட்டதாம். பழையது எங்காவது அகப்பட்டால் உண்டு. ஆயுதப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானே வந்துவிடலாம் என்று இரண்டு முறை கிளம்பினேன். வந்து வெறுங்கையால் எதை மாற்றுவது?

இப்போது செய்யக்கூடியது ஒன்றுதான். ஒரு மரக்கட்டையைச் செதுக்கி லீவருக்கு முன்னால் பலகையில் செருகிவிடு. பாதிக்கு மேல் லீவர் போகக் கூடாது. உன் கை கேட்காவிட்டாலும் கட்டை கேட்கும். மெதுவாகப் போனால் அந்தக் கால் இன்னும் கொஞ்ச காலம் உழைக்கும். எவ்வளவு காலம் என்று என்னைக் கேட்காதே.

கொழுந்தியாளே, போன கடிதத்தில் உன் எழுத்து வரிக்கு வெளியே இறங்கியிருக்கிறது. உன் அக்கா அந்த இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்க்கிறாள். என்ன சொல்லட்டும் அவளிடம்?

பட்டறைக்காரன்


ஏப்ரல் 29

சகலைக்கு,

இது என் கையெழுத்து. கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கோ. காலையில குந்தினேன், இன்னும் முதல் பக்கம். அவளால இப்போ பேனா பிடிக்க முடியல. பெரியவகிட்ட இதைச் சொல்லாதே. இல்ல, சொல்லு. உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்.

கட்டை செதுக்கினேன். உடைஞ்ச நாற்காலிக் கால். அந்த நாற்காலி எங்க கல்யாணத்துக்கு வாங்கினது. அதுல முதல்ல உக்காந்தது நீதான், உடைச்சதும் நீதான், ஞாபகம் இருக்கா? இவ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. "அத்தான் உடைச்ச கால், இப்போ நம்ம படகுக் காலைக் காப்பாத்துது"ன்னா.

கட்டை வெச்சு ஓட்டினப்போ கால் சத்தமில்லாம வந்துச்சாம். இவதான் சொன்னா. ஆனா பாதித் தூரத்துலயே இவ என் முதுகுல சரிஞ்சுட்டா. ஆஸ்பத்திரியில, இனி ஒருநாள் விட்டு ஒருநாள் போதாது, தினமும் வாங்கங்கறாங்க. தினமும் போய்ட்டு வர அந்தக் காலுக்குத் தெம்பு இருக்கா? இவளுக்குத்தான் இருக்கா? அக்கரையிலயே வெச்சுக்கோங்கன்னு கெஞ்சினேன். படுக்கை காலி இல்லைன்னுட்டாங்க.

முந்தாநாள் திரும்பறப்போ அலை. இவ உதடு வெளுத்துப்போச்சு. கட்டையைப் பிடுங்கிட்டேன் சகலை. முழுசாத் தள்ளினேன். படகு பறந்துச்சு. கொஞ்ச தூரம் போகல, முதுகுல தட்டினா. எறும்பு இல்ல. நிறுத்தினேன். சுத்தித் தண்ணி. இவ எந்திரிக்க முடியாம எந்திரிச்சு, காலடியில கிடந்த கட்டையை எடுத்து, தானே செருகினா. "இது நின்னுபோச்சுன்னா நாளைக்கு என்னை யாரு கூட்டிட்டுப் போவா? மெதுவாப் போங்க. நான் இருப்பேன்"னா. இருட்டறதுக்குள்ள வந்து சேர்ந்தோம். எப்படி வந்தோம்னு கேக்காதே.

வீட்டுக்கு வந்ததும் கட்டையைப் பிடுங்கித் தன்கிட்டயே வெச்சுக்கிட்டா. நான் மறுபடி தூக்கி எறிஞ்சுடுவேனாம். படகு கிளம்பறப்போ அவளே செருகுவாளாம். படுக்கையில தலைமாட்டுல வெச்சிருக்கா. அவ குரல் இப்போ என் காதுக்கு எட்டறதில்ல. அதனால ஏதாச்சும் வேணும்னா அந்தக் கட்டையாலதான் சுவத்துல தட்டுறா. அந்தத் 'தொம்' எனக்கு நல்லாக் கேக்குது.

இன்னிக்குக் காத்து ஏறிக்கிட்டே வருது. இன்னும் கொஞ்ச நேரத்துல கிளம்பணும். காலையில ஆயில் பாத்தேன். இப்போ பொடி இல்ல, துண்டு. அரிசி நொய் மாதிரி விரல்ல குத்துது. நீ பதில் போட்டு அது இங்க வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும்னு எனக்குத் தெரியும். ஆனாலும் உன்னை விட்டா யாரைக் கேப்பேன்? இன்னிக்கு அந்தக் கட்டையை வெச்சு ஓட்டவா, எடுத்துட்டு ஓட்டவா? எதுல அவளைக் கரை சேக்கலாம்? தட்டுறா சகலை. ரெண்டு தட்டு, கிளம்பலாம்னு அர்த்தம். இரு, வந்து மீதி எழுதுறேன். போறதுக்கு முந்தி இது ஒண்ணை மட்டும் சொல்லிடுறேன், நீ அந்த நாற்காலியை உடைச்ச அன்னிக்கு இவ என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே சொன்னா,